முத்துக் கணக்கும் ஆள் கணக்கும்: வைப்பாற்று முகத்திலிருந்து ஒரு துறைமுக வரலாறு



துறைமுக வரலாறு என்றதும் கொற்கையைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கொற்கைக்கு வருவேன். ஆனால் தொடங்குவது கீழவைப்பாரிலிருந்து. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தருவைகுளம், வேப்பலோடை, குளத்தூர் என்று ஊர்கள் வரும். குளத்தூருக்குக் கிழக்கே, வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி, கீழவைப்பாரும் சிப்பிகுளமும் இருக்கின்றன. மணல் மேடு, உடைமரக் காடு, உப்பளம், படகுத்துறை. பரதவர்கள் ஏழு கடற்றுறை என்று எண்ணும் ஊர்களில் வேம்பாரும் வைப்பாரும் வடக்கு எல்லை, மணப்பாடு தெற்கு எல்லை. இன்று அந்த வழியாகப் போகும் பேருந்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது ஒரு பழைய துறைமுகம் என்று தெரியும்?

இந்த ஆற்றைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தாமிரபரணியைப் போல இது வற்றாத ஆறு இல்லை. மேற்கு மலையில் பிறந்து, கரிசல் காட்டைக் குறுக்கே கடந்து, சாத்தூர் வழியாகக் கடலுக்கு வருவதற்குள் பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் வரும். அதனால் இதைத் துறைமுக ஆறு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் துறைமுகத்துக்கு ஆறு எதற்கு? கப்பல் உள்ளே வருவதற்கு மட்டும் இல்லை. உள்நாட்டுக்குப் போகிற பாதை அது. ஆற்றுப்படுகையை ஒட்டித்தான் வண்டித்தடம் போகும். ஊற்றுத் தோண்டினால் மாட்டுக்கும் மனிதருக்கும் தண்ணீர் கிடைக்கும். உப்பும் கருவாடும் சங்கும் மேற்கே போயின. தவசமும் பருத்தியும் கிழக்கே வந்தன.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் வெம்பக்கோட்டைக்குப் போங்கள். சாத்தூர்ப் பக்கம், வைப்பாற்றின் கரையில் இருக்கிற மேடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் தொடங்கி அடுத்தடுத்த கட்டங்களாக அங்கே அகழ்ந்தது. தங்க அணிகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்ததைப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு முக்கியமாகப்பட்டது குவியல் குவியலாகக் கிடைத்த சங்கு வளையல்கள், அறுத்த சங்குத் துண்டுகள். கடலிலிருந்து அத்தனை தொலைவில் சங்கு எப்படி வந்தது? கடற்கரையில் மூழ்கி எடுத்தவர் ஒருவர், தலைச்சுமையாகவோ வண்டியிலோ கொண்டுபோனவர் இன்னொருவர், வாளரத்தால் அறுத்தவர் மூன்றாமவர், கையில் போட்டுக்கொண்டவர் நான்காமவர். தொல்லியல் காட்சிக்கூடத்தில் நமக்குத் தெரிவது நான்காமவரின் கை மட்டும்தான்.

சங்கறுப்பது இழிவான தொழிலாக எப்போது ஆனது என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி. அகநானூற்றின் 24ஆம் பாட்டில் சங்கை அறுத்து வளை செய்கிறவன் ஒரு பார்ப்பான். வேள்வி செய்யாத பார்ப்பான் என்று புலவர் அடைமொழி கொடுக்கிறார். பிற்காலத்துத் திருவிளையாடல் கதையில் நக்கீரரை மட்டம் தட்ட அதே சங்கறுக்கும் தொழில் வசவாகப் பயன்படுகிறது. சங்க காலத்தில் சாதியே இல்லை என்று சொல்ல இந்தப் பாட்டை நான் எடுக்கவில்லை. வேள்வியை விட்டவனுக்குத்தான் அந்தத் தொழில் என்கிற குறிப்பு அதிலேயே இருக்கிறதே. தொழிலையும் இழிவையும் முடிச்சுப் போடுகிற வேலை படிப்படியாக நடந்தது என்பதற்கு இது ஒரு தடயம், அவ்வளவுதான்.

இப்போது கொற்கை. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கரிமச் சோதனை கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைத் தந்தது. அதற்கும் சுமார் நூறாண்டுக்கு முன்பே கால்டுவெல் அந்த ஊருக்குப் போய், தோண்டிப் பார்த்து, கிரேக்கர்கள் கொல்கை என்று எழுதியது இதுதான் என்று நிறுவியிருந்தார். மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தைப் பாடும்போது அங்கே சங்கு எடுப்பவர்களின் சேரியையும் கள் குடிக்கும் எளியவர்களின் பாக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. சேரி என்ற சொல்லுக்கு அன்று இன்றைய பொருள் இல்லை. சேர்ந்து வாழும் இடம், அவ்வளவே. அந்தச் சொல் எந்த வழியாக நடந்து இன்றைய பொருளுக்கு வந்தது என்பதே தனியாக ஓர் ஆய்வேடு எழுதக்கூடிய பொருள்.

அதே கொற்கையைப் பற்றி முதல் நூற்றாண்டில் எகிப்துப் பக்கத்திலிருந்து வந்த கிரேக்க வணிகன் ஒருவனும் எழுதி வைத்திருக்கிறான். 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற அந்தக் கையேட்டில் கொற்கை முத்துக்குளிப்பைப் பற்றிய ஒரு வரி இருக்கிறது. அதைத் தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளில் நான் கேட்டதே இல்லை. அங்கே முத்தெடுப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்த வரி. பாண்டிய நாட்டு முத்து ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதில் ஆடியதைச் சொல்லத் தெரிந்த நமக்கு, அந்த முத்துக்காகக் கடலுக்குள் இறக்கப்பட்டவர்களில் கைதிகளும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? எந்தக் குற்றத்துக்காக, யார் விதித்த தண்டனை என்று அந்த வணிகன் எழுதவில்லை. அவனுக்கு அது தேவையும் இல்லை. சரக்கின் விலையை எழுத வந்தவன், உழைப்பின் தன்மையை ஒரு சொல்லில் விட்டுப் போயிருக்கிறான். நம் வரலாற்றை நாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றைச் சொற்களில் இருந்துதான் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தை நிரப்பிக்கொண்டே போக, கடல் கிழக்கே விலகியது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. காயலும் தூர்ந்தது, அது பழையகாயல் ஆனது. பிறகு புன்னைக்காயல். அதன் பிறகு, ஆற்று முகமே இல்லாத தூத்துக்குடி. இந்த நகர்வை எல்லாப் பாடநூலும் சொல்கிறது. சொல்லாமல் விடுவது எது? தூர்ந்த துறைமுகம் என்ன ஆனது என்பதை. அது வயல் ஆனது. படகு வைத்திருந்தவர்கள் கடலின் பின்னாலேயே போய்விட்டார்கள். முதல் வைத்திருந்த வணிகர்களும் போய்விட்டார்கள். வண்டல் படிந்த நிலத்தில் நெல் விளையத் தொடங்கியபோது, அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் பள்ளர்களும் பறையர்களும். நிலம் பிரம்மதேயமாகவும் தேவதானமாகவும் மடத்துச் சொத்தாகவும் பட்டியலானது. அவர்கள் அந்த நிலத்தோடு சேர்ந்த ஆட்களாகப் பட்டியலானார்கள். ஆக, கொற்கையின் வரலாறு துறைமுகம் தூர்ந்ததோடு முடிந்துவிட்டது என்பவர்கள் கடலைப் பார்த்து எழுதுகிறவர்கள். மண்ணைப் பார்த்து எழுதினால் நம்முடைய பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

காயலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் இறங்குவதையும் பாண்டிய மன்னன் அவற்றை வாங்கிக் குவிப்பதையும் எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்பின் பங்குக் கணக்கும் அவரிடம் இருக்கிறது. எடுத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு. சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்லும் பிராமணருக்கு இருபதில் ஒன்று. மாலையில் அவர்கள் மந்திரக் கட்டை அவிழ்த்து விடுவார்களாம், இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்கிவிடக் கூடாது என்பதற்காக! மந்திரம் சுறாவுக்கா, குளிப்பவனுக்கா என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னாளில் இந்தக் 'கடல்கட்டி' வேலை சாதி மாறி, மதமும் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கடலின் மறுகரையில் டெனன்ட் பார்த்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். வேலை செய்யாமல் பங்கு வாங்கும் இடம் மட்டும் காலியாக இருந்ததே இல்லை.

அடுத்து போர்த்துக்கீசியர். 1530களில் முத்துக்குளிப்பு உரிமை பற்றிய தகராறு முற்றி, பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். ஜான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் வழிகாட்டினார். 1535 முதல் 1537க்குள் சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். வைப்பாரும் வேம்பாரும் இந்த வரலாற்றுக்குள் அப்படித்தான் வருகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பரதவர்களைத் தலித்துகள் என்று நம் கணக்கில் சேர்த்துக்கொள்ள நான் வரவில்லை. அவர்களும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு என்று ஒரு சாதித் தலைவன் இருந்தார். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பில் அவருக்கு மானியப் பங்கு ஒதுக்கினார்கள். அவர்களுக்குள்ளேயே வசதி படைத்த மேசைக்காரர்கள் ஒருபுறம், மீன்பிடித்தும் கூலி செய்தும் வாழ்ந்த கம்மாரக்காரர்கள் மறுபுறம். கீழவைப்பார்க் கரையில் சங்குக்கு மூழ்கிச் செவிப்பறை கிழிந்து, காது மந்தமாகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் முதியவரை நம் தோழராகக் கருத நமக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் கடற்கரைச் சாதிகளுக்கும் ஊருக்கு மேற்கே இருக்கிற நம் தெருக்களுக்கும் இடையில் இருந்த தூரத்தை இல்லாததுபோல் எழுதினால் அது வரலாறாகாது. ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை' நாவல் 2013இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அது அந்தச் சமூகத்தின் உள்ளிருந்து எழுதப்பட்டது. நம் மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, அந்தத் துறைமுகத்தில் நம்மவர்கள் எந்தப் பக்கத்தில், எந்த வேலையில் வருகிறார்கள் என்று தேடிப் பார்க்கவும் வேண்டும்.

முத்துக்குளித்துறைக்குத் தமிழ் அச்சு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சமய நூலை உருவாக்கியவர்கள் அங்கே போயிருந்த தமிழர் மூவர். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' அன்றிக் அடிகளார் ஆக்கியது, 16 பக்கம். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். மூழ்கி எடுத்த காசில்தான் இந்திய மண்ணில் தமிழ் முதன்முதலில் அச்சேறியது. இதை நாம் மகிழ்ச்சியோடு சொல்லலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கீசிய அரசுக்குப் போன வரியில் 4,000 பணம், அரசி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 'அரசியின் செருப்பு' என்பதே அந்த வரியின் பெயர். அந்தப் பணத்தை இங்குள்ள உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சவேரியார் கடிதம் எழுதி, அரசியும் சம்மதித்தார். பாதிரியார் சரித்திரங்களில் இது தயாளத்தின் கதை. ஆனால் மேற்கே பத்து மைல் நடந்தால், தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிவாங்கிய மக்கள் வாழ்ந்த நாடு இது. அங்கே கடலடியில் மூச்சடக்கியவனின் வரிக்குச் செருப்பு என்று பெயர் இருந்ததைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தேவாலயம் பரதவரை ஒரு சாதியாகவே, தலைவனோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டது. சாதி கரையவில்லை, ஞானஸ்நானம் பெற்றது. அதன் தொடர்ச்சியைத்தான் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வேறு விதத்தில் நமக்குக் காட்டியது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று அரசு சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் வேறு சொல்கிறது. ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' இதற்கு நல்ல தொடக்கம்.

இனி நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளப்போகும் இடத்துக்கு வருகிறேன். 1658இல் தூத்துக்குடியை ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்களுடைய கம்பெனி இந்தக் கரையில் துணி, முத்து, சங்கு, மிளகு வாங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆள் வாங்கியது என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

மார்க்குஸ் விங்க் என்ற வரலாற்றாசிரியர் கம்பெனியின் ஆவணங்களைத் தொகுத்து எண்களைத் தந்திருக்கிறார். 1659-61இல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர் வயல்களை அழித்தபோது, சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு, மீதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1673இல் மதுரை நாட்டில் நீண்ட வறட்சி. அதோடு தஞ்சாவூருக்காக நாயக்கரும் மராட்டியரும் மோதிய காலம். போர்ச் செலவுக்கு வரி ஏறியது. 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் ஏற்றப்பட்டவர்கள் 1,839 பேர். மதுரைக் கரை என்று அவர்கள் எழுதுவது நம்முடைய இந்தக் கரைதான், தலைமையிடம் தூத்துக்குடி. 1694-96இல் மறுபடி போர். சோழமண்டலத்திலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் 3,859 பேர்.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். 1,839 என்பது உருட்டிச் சொன்ன எண் இல்லை. ஒவ்வொருவராக எண்ணி, விலை போட்டு, ஏட்டில் ஏற்றிக் கூட்டிய எண். எண்ணியவனுக்கு ஒரு தலையும் தவறிப்போகக் கூடாது, அது கம்பெனியின் முதல். அதே காலத்தில் நம்முடைய பாளையக்காரர் கும்மிகளிலோ கோயில் கல்வெட்டுகளிலோ இந்த மனிதர்களுக்கு ஓர் எண்கூட இல்லை. விற்றவர்கள் யார் என்ற கேள்விக்கு வெள்ளைக்காரனை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. ஒல்லாந்தர் உள்நாட்டுக்குள் போய் ஆளைப் பிடித்துவரவில்லை. கரைக்குக் கொண்டுவந்து விற்க இங்கே ஆள் இருந்தது. விற்கலாம் என்ற வழக்கமும் சட்டமும் இருந்தன. பஞ்சத்தில் பெற்றோரே பிள்ளைகளை விற்றார்கள் என்று எழுதுவார்கள். பஞ்சம் எல்லா வீட்டையும் ஒரே நாளில் தட்டுவதில்லை. களத்தில் தூற்றிய பிறகு கிடைக்கும் கூலி நெல்லைத் தவிரக் கையில் எதுவும் இல்லாத வீட்டைத்தான் அது முதலில் தட்டும். நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் ஆட்களாக ஏற்கெனவே இருந்தவர்களை, நிலத்திலிருந்து பிரித்துக் கப்பலில் ஏற்றுவதற்குப் புதிய நியாயம் எதுவும் தேவைப்படவில்லை.

அப்படிப் போனவர்கள் கொழும்பில் கோட்டை கட்டினார்கள், யாழ்ப்பாணத்தில் வயல் வேலை செய்தார்கள். கொழும்பில் கம்பெனி அடிமைகளை அடைத்துவைத்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றே பெயர் நின்றுவிட்டது, அடிமைத் தீவு. தமிழில் நாம் அதைக் கொம்பனித் தெரு என்கிறோம். தமிழ்ப் பெயரில் கம்பெனி இருக்கிறது, அடிமை இல்லை. தென்னாப்பிரிக்க முனைக்குப் போனவர்களின் பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர் ஒட்டியது: வங்காளத்து இன்னார், மலபாரின் இன்னார், சோழமண்டலத்து இன்னார். பெயரும் குலமும் தெய்வமும் பிடுங்கப்பட்டு, புறப்பட்ட கரை மட்டும் எஞ்சியது.

உள்நாட்டில் இது எப்போது நின்றது? 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டம்தோறும் அடிமைமுறை பற்றி ஆட்சியர்களிடம் விவரம் கேட்டது. திருநெல்வேலியும் அந்தப் பட்டியலில் உண்டு. அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று சொல்ல 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடியிலேயே கல்லூரி ஆசிரியராக இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமைமுறை' என்ற சிறு நூலில் ஆள் விற்ற ஓலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய பல்கலைக்கழகத் துறைகள் செய்யாததை அந்தச் சிறு நூல் செய்தது.

1825இல் தூத்துக்குடி ஆங்கிலேயரிடம் நிலையாகக் கைமாறியது. முத்துக்குளிப்பு இப்போது அரசின் தனியுரிமை. மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்து, விளைந்தது என்றால் பத்திரிகையில் அறிவிப்பு. சில வாரங்களுக்கு மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு குளிப்பவர் இறங்குவார். மேலே கயிறு பிடிப்பவர் இருப்பார். அந்தக் கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனர் என்று சொல்வார்கள். அக்காளோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாது என்று நினைக்கிறவனிடம்தான் கயிற்றைக் கொடுக்க முடியும். கரையில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்று குளித்தவருக்கு. அரசின் பங்கு ஏலம் போகும்.

ஏலம் எடுத்த சிப்பிக்கு என்ன நடக்கும் என்பதை முத்தின் அழகைப் பாடுபவர்கள் சொல்வதில்லை. 'கொட்டு' என்கிற வேலியடைத்த வளைவுக்குள் அதைக் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு தண்ணீர் விட்டு அலசி, கையால் துழாவி முத்தைப் பொறுக்க வேண்டும். நாற்றம் பல மைலுக்கு வீசும். முகாமில் வாந்திபேதி வந்தால் குளிப்பே நின்றுபோகும். உள்ளே உட்கார்ந்து அந்தப் புழுத்த சதையைத் துழாவியவர்கள் தினக்கூலிகள். வெளியே வரும்போது வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிப்பார்கள். முத்துக்குத் தீட்டு இல்லை. அது எந்தக் கையிலிருந்து எந்தக் கழுத்துக்கும் போகும். கை மட்டும் தீட்டு.

சங்கின் கதையும் அப்படியே. இந்தக் கடலில் எடுத்த சங்கு மூட்டைகள் வங்காளத்துக்குப் போயின. அங்கே டாக்கா நகரின் சாங்காரித் தெருவில் அறுத்து வளையாக்கினார்கள். சுமங்கலி வங்காளப் பெண்ணின் கையில் அது மங்கலப் பொருள். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். வெம்பக்கோட்டையில் நின்றுபோன தொழில் டாக்காவில் தொடர்ந்தது. மூழ்குகிறவர் மட்டும் மாறவில்லை.

1876இல் ரயில் வந்தது. கரிசல் பருத்தி சாத்தூர், கோவில்பட்டியிலிருந்து ரயிலில் இறங்கத் தொடங்கிய பிறகு வைப்பாற்று வண்டித்தடமும் அதன் முகத்துவாரமும் தேவையற்றுப்போயின. கீழவைப்பார் ஒதுங்கிய கதை இதுதான். அதே ரயிலில் மனிதர்களும் இறங்கினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் அவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கே தட்டப்பாறையில் அவர்களை நிறுத்திச் சோதிக்கும் முகாம் இருந்தது. 1900களின் தொடக்கத்தில் வந்த 'தகரச் சீட்டு' முறையில் தோட்டத்தின் எண் குத்திய வட்டத் தகடு கழுத்துக் கயிற்றில் தொங்கும். அந்த எண்ணுக்குத்தான் கட்டணம் எழுதப்படும், கட்டணம் கடனாகும், கடன் துண்டாக அடுத்த தோட்டத்துக்கும் பின்தொடரும். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். 1673இல் ஏட்டில் ஏறிய எண், இப்போது கழுத்தில் ஏறியது. போகிறவர் விரும்பித்தான் போனார் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்பது மட்டும் வித்தியாசம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஊரில் இருப்பதைவிட அந்தத் தகடே மேல் என்று நினைத்துப் போனவர்களும் இருந்தார்கள். ஊர் அப்படி இருந்தது.

அதே துறைமுகத்தில்தான் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஆலைத் தொழிலாளியோடு நின்று, அதற்கான விலையைச் சிறையில் செக்கிழுத்துக் கொடுத்தவர். ஆனால் அந்த ஆண்டுகளிலேயே சென்னையிலிருந்து 'தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், சாதியை வைத்துக்கொண்டு சுதேசியம் பேசுகிறவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கப்பல் யாருடையது என்ற கேள்வி ஒரு பக்கம். கப்பலில் சரக்காக ஏற்றப்படுவது யார் என்ற கேள்வி இன்னொரு பக்கம். முதல் கேள்விக்குச் சிலை இருக்கிறது.

முத்து முடிந்துவிட்டது. அரசு நடத்திய கடைசிக் குளிப்புகள் 1955க்கும் 1961க்கும் இடையில். 1973இல் கீழவைப்பாருக்குச் சற்றுத் தெற்கே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். மூழ்காமலே முத்து! பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றதில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. இப்போது இந்தக் கரையின் சரக்கு உப்பு.

உப்பளத்தைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பாத்தியில் இறங்கும் காலில் புண் ஆறாது, வெள்ளைக் கூச்சத்தில் கண் மங்கும், பெண்கள் தலையில் ஈர உப்பைச் சுமந்து அம்பாரம் கொட்டுவார்கள் என்று அதில் படித்ததை, வேப்பலோடைப் பக்கம் அதிகாலையில் போனால் இன்றும் பார்க்கலாம். 1930இல் வேதாரண்யத்தில் உப்பு வரியைப் பற்றிப் பேசிய அளவுக்கு உப்பு வாருகிறவர்களின் கூலியைப் பற்றி நம் தேசியம் பேசியதில்லை. மழை மாதங்களில் அளம் மூடிக் கிடக்கும், கூலி கிடையாது. நீண்டகாலக் கோரிக்கைக்குப் பிறகு 2022இல்தான் தமிழக அரசு அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. அதைப் பெற நலவாரிய உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயரேட்டில் பெயர் இல்லாமல் அன்றாடம் வந்து போகும் பெண், தான் உப்பளத் தொழிலாளி என்பதற்கு எதைக் காட்டுவாள்? கைத்தோலைக் காட்டலாம், அலுவலகத்தில் அது சான்று ஆகாது. எண்ணாத இடத்தில் எண்ணினார்கள், எண்ண வேண்டிய இடத்தில் எண்ண மறுக்கிறார்கள்.

மாணவர்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்டு முடிக்கிறேன். ஒல்லாந்துக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இப்போது இணையத்திலேயே படமாகப் பார்க்க முடிகிறது. கொழும்பிலும் ஒரு தொகுதி இருக்கிறது. நம் பிள்ளைகளில் இரண்டு பேராவது அந்தப் பழைய ஒல்லாந்து மொழியைக் கற்றுக்கொண்டு, 1673 முதல் 1677 வரை தூத்துக்குடியிலிருந்து போன கடிதங்களையும் சரக்குப் பட்டியல்களையும் தமிழில் கொண்டுவர வேண்டும். கடினமான மொழி, கடினமான கையெழுத்து; கோயில் கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது மட்டும் முடியாதா? இரண்டாவது வேலை பக்கத்திலேயே இருக்கிறது. வேம்பார் முதல் தருவைகுளம் வரை உள்ள அளங்களில் யாருக்குப் பட்டா, யார் குத்தகை, யார் கூலி, கூலிக்காரர்களில் எத்தனை பேர் வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராக, தெருப்பெயரோடு எழுதி எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு அந்தப் பட்டியல் கையில் இருந்தால், விடுபட்ட பெயர்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம்.